சந்தனத்தின் மேல் பச்சை விளக்கு

மலையடிவார முதலுதவி அறைக்கு நான் ஒருத்திதான் நர்ஸ். செல்போன் அளவில் ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். தலையில் அடிபட்டு வருகிறவர்களுக்கு நெற்றி, காதுக்கு மேல், பிடரி என்று இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே ரத்தம் கசிந்திருந்தால் சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை. மற்ற ஊர்களில் முடியை விலக்கி வைப்பார்களாம். திருத்தணியில் பாதிப் பேர் மொட்டை. வேலை சுலபம் என்று நினைக்காதீர்கள். மொட்டை மேல் சந்தனம். கருவியின் ஒளி உள்ளே போக அதைத் துடைத்தாக வேண்டும். துடைக்க விட்டால்தானே!

சாயந்தரம் சார்ஜ் போட அதை வீட்டுக்கு எடுத்துப்போவேன். என்னோடு வீட்டுக்கு வருவது அது ஒன்றுதான்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் படியில் வழுக்கி விழுந்து வந்தார். ஈரத்துணியை எடுத்ததுமே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. வேண்டுதல் சந்தனம். அதுவா காஞ்சி உதிரணும்."

எனக்கும் மனசு வரவில்லை. சந்தனத்தின் மேலேயே வைத்தேன். பச்சை.

"கூட யாருங்க வந்திருக்காங்க?"

"புள்ள கீழ வண்டி வச்சிகினு நிக்கிறான்."

கூட ஆள் இருந்தால்தான் அனுப்பலாம். அனுப்பிவிட்டேன்.

வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். காலடியில் வாந்தி. பிள்ளை எங்கே என்று நான் கேட்கவில்லை. போன வருஷம் எனக்கு ஆபரேஷன் நடந்தபோது, "அண்ணன் வந்துகினு இருக்காருங்க" என்று டாக்டரிடம் நானும்தான் சொன்னேன். எனக்கு அண்ணனே கிடையாது. அதே பொய்யை இவர் சொன்னபோது கோட்டை விட்டேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

முந்தானையை நனைத்துச் சந்தனத்தைத் துடைத்தேன். இந்தத் தடவை அவர் என் கையைப் பிடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பையிலிருந்த கருவியை எடுத்து வைத்தேன். இடது காதுக்கு மேல் சிவப்பு எரிந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. "கூட யாரு ஏர்றது?" என்று டிரைவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பெரியவர் கண்ணைத் திறக்காமலே, "எம் பொண்ணு வருது" என்றார்.

நான் மறுக்கவில்லை. "நைனா, தூங்காதீங்க நைனா" என்று வழியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனேன். அப்பா போன பிறகு அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை. "ஆங்" என்று பதில் வந்துகொண்டிருந்தது. கனகம்மாசத்திரம் தாண்டியதும் அதுவும் நின்றுவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் கண் விழித்தார் என்று சொன்னார்கள். லீவு போட்டுவிட்டு, சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்க் கட்டிலருகே நின்றேன்.

"நைனா" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும்மா நீ?"

"நர்ஸுங்க" என்றேன்.