தண்ணீர்பாவி

மூன்றாம் வகுப்பு படிக்கும்வரை எனக்குத் தெரிந்த ஒரே பாவி மங்களூரில் இருந்தார். அவர் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. நான் அவரைப் பார்த்ததில்லை. அவருடைய பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மா எப்போதாவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், அப்பா சாப்பிடுகிற தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “அந்தப் பாவி பேச்ச இங்க எடுக்காத. அவ மூஞ்சில நான் முழிக்கப் போறதில்ல” என்பார். அப்பா தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காதவர். அவரே தட்டைத் தள்ளுகிறார் என்றால் அது பெரிய பாவமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

என்ன பாவம் என்பதைப் பெரியவளான பிறகு துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்து, சர்ச்சில் ஓலையும் வாசித்துவிட்டார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபனை இருந்தால் சொல்லுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் சபைக்கு அறிவிப்பதுதான் ஓலை. பெங்களூரில் எங்கள் லிங்கராஜபுரத்தில் அது பாதி ஊருக்குப் பத்திரிகை வைத்த மாதிரி. முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் நடுவில், அத்தை தன்னோடு வேலை பார்த்த மங்களூர்க்காரரை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். அவர் நம் சபையும் இல்லை, நம் பாஷையும் இல்லை. அடுத்த ஞாயிறு பாஸ்டர் அந்த இரண்டு பெயர்களையும் வாசிக்காமல் தாண்டிப் போனபோது, சபை மொத்தமும் திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்ததாம். அப்பா அன்றைக்குக் குனிந்த தலையைப் பல வருஷம் நிமிர்த்தவில்லை என்பார் அம்மா.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, புதிதாகக் கார் வாங்கியிருந்தார். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கார் வந்ததிலிருந்து அவர் வீடு தங்குவதில்லை. தசரா லீவுக்கு எல்லோரும் மங்களூர் போகலாம், கடல் பார்க்கலாம் என்று கிளப்பிவிட்டார். மங்களூர் என்றதும் அப்பா முகம் கறுத்தது. “ஊருக்கே அவங்க பட்டா போட்டு வச்சிருக்காங்களா மாமா? நாம பீச்சுக்குத்தான போறோம்” என்றார் மாமா. அக்கா புருஷனை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார். நான் அப்போது கடலையே பார்த்ததில்லை. எனக்காக என்று சொல்லி அப்பாவைச் சம்மதிக்க வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் மாமா போனைப் பார்த்து, அங்கே போக வேண்டிய பீச்சுகளையெல்லாம் உரக்கப் படித்தார்.

“சோமேஸ்வரா, உள்ளால், பணம்பூர், சுரத்கல்... அப்புறம் தண்ணீர்பாவி. அதான் சூப்பரா இருக்குமாம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பீச்சுக்கே பெயர் வைக்கிற அளவுக்கு என் அத்தை பெரிய பாவியா!

கன்னடத்தில் பாவி என்றால் கிணறு. தண்ணீர்பாவி, குளிர்ந்த தண்ணீர்க் கிணறு. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். எங்கள் தெருவில் கன்னடத்தில் சண்டை போடக்கூடத் தெரியும் எனக்கு. ஆனால் எங்கள் தெருவில் கிணறு கிடையாது, போர்வெல்தான். இல்லாத கிணற்றுக்கு வார்த்தை எங்கிருந்து வரும்? பாவி என்ற சொல்லை நான் இரண்டே இடத்தில் கேட்டிருந்தேன். ஒன்று அப்பாவின் வாயில், இன்னொன்று சண்டே கிளாஸில்.

சண்டே கிளாஸ் சுவரில் ஒரு படம் இருந்தது. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் கைகூப்பி நிற்பார். எப்பேர்ப்பட்ட பாவியானாலும் தண்ணீரில் இறங்கி மன்னிப்பு வாங்கிவிட்டால் சுத்தமாக வெளியே வரலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். விடை சரியாக வந்தது. அத்தை மங்களூர்க் கடலில் இறங்கி நிற்கிறார். மன்னிக்க வேண்டியவர் அப்பா. அவர் இன்னும் போகவில்லை. அதனால் அத்தை இன்னும் தண்ணீரிலேயே நிற்கிறார்.

“மாமா, மங்களூர்ல மழ ஜாஸ்தியா?” என்று கேட்டேன்.

“ஐயோ, ஊத்து ஊத்துன்னு ஊத்தும் கண்ணு” என்றார் மாமா. மழைக்கு ஒதுங்கக்கூட முடியாமல் நிற்கிற அத்தையை நினைத்து, பார்க்காத அந்த மனுஷிக்காக, போர்வைக்குள் அழுதிருக்கிறேன்.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் வேறு கணக்கு இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? அம்மா அத்தையின் நம்பரை யாரிடமோ வாங்கி, அப்பா வேலைக்குப் போன நேரத்தில் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் மங்களூரில் இருக்கும் இரண்டாம் நாள் சாயங்காலம் அத்தை தண்ணீர்பாவி பீச்சுக்கு வருவதாக ஏற்பாடு. அவர் வீடு அங்கே பக்கத்தில்தான். முன்கூட்டிச் சொன்னால் அப்பா ஊரை விட்டே கிளம்பமாட்டார் என்பதால் அவரிடம் மூச்சு விடவில்லை. “இந்த ஒரு தடவதான் அண்ணி. அண்ணன் வரலன்னா இத்தோட விட்டுடுங்க, என்னால முடியாது” என்று அத்தை சொல்லியிருந்தார். அதனால் அம்மா அந்தப் பயணம் முழுக்க எதுவும் சாப்பிடாமல் எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டே வந்தார்.

அப்பா ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். கடலையும் அவர் அப்படித்தான் பார்த்தார். முதல் நாள் சோமேஸ்வராவில் பாறை ஜாஸ்தி, பிள்ளைகளுக்கு ஆகாது. மறுநாள் காலை சுரத்கலில் கலங்கரை விளக்கம் நன்றாக இருக்கிறது, ஆனால் நிழல் இல்லை. பணம்பூரில் ஒட்டகம் எதற்கு, கடலுக்கும் ஒட்டகத்துக்கும் என்ன சம்பந்தம்? மாமா ஒவ்வொன்றையும் மெச்ச, அப்பா ஒவ்வொன்றையும் தள்ள, நான் மட்டும் எந்தக் கடலையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. முதன்முதலாகக் கடலைப் பார்க்கிற பிள்ளை குதிக்கும், கூச்சல் போடும் என்று எதிர்பார்த்தார்கள். நான் அலைகளுக்கு நடுவில் தலை தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். பணம்பூரில் தூரத்தில் நின்ற கப்பல்களைக் காட்டி அப்பா என்னென்னவோ விளக்கினார். குளிக்க இறங்கியிருந்த பெண்களில் யார் தனியாக நிற்கிறார் என்பதுதான் என் கவலை.

மதியம் லாட்ஜில் படுத்து எழுந்து, சாயங்காலம் ஆற்றங்கரைக்கு வந்தோம். தண்ணீர்பாவி ஆற்றுக்கு அந்தப் பக்கம். படகில் ஏறித்தான் போக வேண்டும். படகுத்துறையில் மாமா எல்லோருக்கும் சுருமுரி வாங்கிக் கொடுத்தார். பொரியில் தேங்காய் எண்ணெயும் மாங்காயும் போட்டுக் கலக்கிய அதை அப்பா ஒரு குறையும் சொல்லாமல் இரண்டு பொட்டலம் தின்றார். அப்புறம் மங்களூர் பஜ்ஜி. பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு படகைப் பார்த்தார்.

“போதும்பா. எல்லா பீச்சும் ஒரே தண்ணிதான. ரூமுக்குப் போலாம்.”

“இதான் மாமா பெஸ்ட்டு. ஸ்வல்ப தூரம்தான்” என்றார் மாமா.

“படகைப் பாத்தியா? ஒரு லைஃப் ஜாக்கெட்டும் ஒழுங்கா இல்ல. பாப்பாவ வச்சிக்கிட்டு நான் ஏறமாட்டேன்.” அப்பா காரை நோக்கித் திரும்பிவிட்டார். அம்மா அக்கரையையே பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஓடிப் போய் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

“போகணும்பா! தண்ணீர்பாவிக்குப் போகணும்!”

“எதுக்குடி இப்படி அழுவுற? நாளைக்கு வேற பீச்சு காட்டுறேன்.”

“அத்தை தண்ணியில நிக்கிறாங்கப்பா! நீங்க போய் மன்னிச்சாதான் வெளிய வருவாங்க. மழ வந்தாலும் அங்கதான் நிக்கணும். பாவம்ப்பா!”

மாமா கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. அம்மா, “பாப்பா!” என்று வாயைப் பொத்த வந்தார். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். “யாரு சொல்லிக் குடுத்தது இதுக்கு?” என்று கேட்டார்.

“சத்தியமா யாரும் சொல்லலீங்க” என்றார் அம்மா. அது உண்மை. யாரும் சொல்லவில்லை, நானே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது.

“வரச் சொல்லியிருக்கியா?”

அம்மா தலையை மட்டும் ஆட்டினார். அப்பா கத்துவார் என்று நினைத்தோம். அவர் கைக்குட்டையை எடுத்து என் மூக்கைத் துடைத்துவிட்டார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். படகுக்காரர் “பன்னி, பன்னி” என்று கன்னடத்தில் வாங்க வாங்க என்று கூப்பிட்டதும், யாரையும் பார்க்காமல் என்னைத் தூக்கிக்கொண்டு போய் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். லைஃப் ஜாக்கெட் பற்றிப் பேச்சே இல்லை.

அக்கரையில் சவுக்குத் தோப்புக்குள் நடந்தோம். மரங்கள் விலகியதும் கடல். கூட்டம் அதிகமில்லை. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கரையோரத்தில், முழங்கால் அளவுத் தண்ணீரில், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பெண் எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார்.

“சொன்னேன்ல!” என்றேன் நான். யாரும் என்னைப் பாராட்டவில்லை.

வெகுநேரம் காத்திருந்து, காலை நனைக்கலாம் என்று இறங்கியவர் அத்தை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் காட்சியில் அப்பா என்ன கண்டாரோ, மணலிலேயே நின்றுவிட்டார். அம்மாவும் மாமாவும் தோப்போரமாக ஒதுங்கிக்கொண்டார்கள். என்னை இறக்கிவிட வேண்டும் என்ற நினைப்பு அப்பாவுக்கு இல்லை. அதனால் இதையெல்லாம் நான் அவர் இடுப்பில் இருந்தபடி கேட்டேன்.

“ஏய்... தண்ணியில நிக்காத. உனக்கு உடனே சளி புடிச்சிக்கும். வெளிய வா.”

அத்தை திரும்பினார். அப்பா மாதிரியே அகலமான நெற்றி. அப்பாவைப் பார்த்தார். ஆனால் வெளியே வரவில்லை. எனக்குப் பகீரென்றது. மன்னித்த பிறகும் பாவி வெளியே வராவிட்டால் என்ன செய்வது என்று டீச்சர் சொல்லித் தரவில்லை.

அப்பா ஷூவோடும் சாக்ஸோடும் தண்ணீரில் இறங்கினார். என் செருப்பு நனைந்தது.

“நம்ம அம்மா செத்துப் போனப்ப உனக்கு நான் சொல்லி அனுப்பல” என்றார் அப்பா. “மத்தவங்களையும் சொல்ல விடல. கடைசி வரைக்கும் உன் பேரத்தான் கூப்புட்டுகிட்டு இருந்தாங்க. நான் கேட்டுக்கிட்டு சும்மா இருந்தேன்.”

அத்தை கடலைப் பார்த்தபடி சொன்னார். “அடக்கம் முடிஞ்சு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். மண்ணு போடக்கூட விடல நீங்க.”

“தப்பு என்னுதுதான்மா” என்றார் அப்பா. அவர் உடம்பு குலுங்கியது. நான் விழுந்துவிடாமல் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். பாவி அழாமல் நிற்க, மன்னிக்க வந்தவர் எதற்கு அழுகிறார் என்று எனக்கு ஒரே குழப்பம். எல்லாமே தலைகீழாக நடக்கிறது, அப்பாவுக்குச் சரியாக மன்னிக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

அலை வந்து வந்து போனது. பிறகு அத்தை என் கன்னத்தைத் தொட்டார். கை ஈரமாக இருந்தது.

“பாப்பா சாப்புட்டாளாண்ணா?”

“இல்லம்மா” என்றார் அப்பா. “யாருமே சாப்புடல.”

நான் திடுக்கிட்டேன். அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. “அப்பா, சுருமுரி...” என்று ஆரம்பித்தேன். அப்பா என் முதுகை அழுத்தினார். அத்தை தண்ணீரை விட்டு வெளியே வந்து, “வாங்க, வீட்டுக்குப் போலாம்” என்று முன்னால் நடந்தார்.

அவர் வீட்டில் நீர் தோசையும் மீன் குழம்பும் இருந்தது. எல்லோரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் சாப்பாட்டு ஜெபம் எப்போதும் அப்பாதான் செய்வார். அன்று அவர், “நீ பண்ணும்மா” என்றார் தங்கையிடம். அத்தையின் கணவர் கோயிலுக்குப் போகிறவர். அவரும் மரியாதைக்குத் தலை குனிந்துகொண்டார். அத்தை ஆரம்பித்தார், குரல் உடைந்து பாதியில் நின்றது, மறுபடி ஆரம்பித்தார். எல்லோருடைய கண்ணும் மூடியிருந்தது. ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தேன். இவ்வளவு நல்ல மனுஷர், வாழ்நாளில் ஒரு தப்பும் செய்யாதவர், இன்றைக்குப் போய் இப்படி மாட்டிக்கொண்டாரே என்று இருந்தது. நானும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவசரமாக வேண்டிக்கொண்டேன்: ஆண்டவரே, வயிறு முட்டத் தின்றுவிட்டுச் சாப்பிடவில்லை என்று சொன்ன என் அப்பாவை மன்னித்துவிடும்.