வலது கண்ணுக்குச் சுர்மா இல்லை

கேளம்பாக்கம் உப்பளத்தில் கூலியாக இறங்கியவன் நான். படிப்பு மூணாம் வகுப்போடு சரி. பிறகு அதே உப்பளத்தில் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்தேன். மழையில் கரை உடைந்தது, மறுபடி கட்டினேன். லாரி வாங்கினேன், ஓட்டுவதற்கும் நானே கற்றுக்கொண்டேன். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கும் இடத்தில் டீக்கடை போட்டேன். "கடல்காத்துல எவன்யா சுடச்சுட டீ குடிப்பான்?" என்று சிரித்தவர்கள், பின்னால் அதே கடையில் பெஞ்சு காலியாவதற்காக நின்றார்கள். மாடி வைத்து வீடு கட்டினேன். ஒருத்தனும் கை கொடுக்கவில்லை.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த வரிசையில் இன்னும் ஒன்று சேர வேண்டும். அதை இதுவரை யாரும் சேர்க்கவில்லை. கண்ணோரம் ஆறாத புண்ணோடு உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள், கடைசிவரை பொறுமையாகப் படியுங்கள். உங்களுக்கும் அதில் சேதி இருக்கிறது.

எழுபதுகளின் கடைசி அது. வலது கீழ் இமையில், மூக்குப் பக்கமாக, கறுப்பாக ஒரு மணி தோன்றியது. வலி இல்லை. நடுவில் பள்ளமாகும், பொருக்கு தட்டும், உதிரும், மறுபடி பள்ளமாகும்.

உப்பளத்துக்காரனுக்குப் புண் புதிதல்ல. காலில், விரலிடுக்கில், உப்பு அரித்துக்கொண்டேதான் இருக்கும். பாத்தித் தண்ணீரிலேயே அலசுவோம், காய்ந்துவிடும். இதையும் அப்படித்தான் அலசினேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போகும்போது ரெண்டு கண்ணுக்கும் சுர்மா (கல்லை அரைத்துச் செய்த கறுப்புக் கண்மைப் பொடி) இடுவது சின்ன வயசுப் பழக்கம். புண் வந்த பிறகு வலது கண்ணுக்குக் கொஞ்சம் தாராளமாகவே இட்டேன். கறுப்பில் கறுப்பு தெரியாது பாருங்கள். யாரும் 'இன்னா பாய் கண்ணுல?' என்று கேட்கமாட்டார்கள்.

என் மனைவி ஜைனப் கேட்டாள். "ஏங்க, இது உப்புப் புண்ணே இல்ல. உப்புப் புண்ணு இத்தினி நாளு கீதா?"

"உனுக்கு இன்னா தெரியும் உப்பப் பத்தி?" என்றேன்.

"உப்பப் பத்தித் தெரியாது. உங்க மூஞ்சியப் பத்தித் தெரியும்."

அவள் தம்பி சலீம் கல்பாக்கத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் என்னைச் செங்கல்பட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே பார்த்த டாக்டர் பயாப்ஸி (தோலில் துளியளவு வெட்டி எடுத்துச் சோதிப்பது) செய்தார். முடிவு வந்ததும் என்னிடம் பேசாமல் சலீமிடம் பேசினார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

தோல் புற்று. பேசல் செல் கார்சினோமா (தோலின் அடி அடுக்கில் கிளம்புகிற புற்று, மெதுவாகத்தான் வளரும், உடம்பின் வேறு இடத்துக்கு ஓடுவது அபூர்வம், ஆனால் இருக்கும் இடத்தை அரித்துவிடும்). வெயில் ஒரு காரணம் என்றார்கள். உப்பளத்தில் வெயில் மேலேயிருந்து மட்டுமா வருகிறது? வெள்ளை உப்பில் பட்டு, கீழேயிருந்தும் வருகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் இடது கண் சின்ன வயசில் அம்மை போட்டதில் மங்கிப்போனது. ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. கரையில் நின்றபடியே பாத்தியைப் பார்த்து, உப்பு பூத்துவிட்டதா, இன்றைக்கு வாரலாமா என்று நான் சொன்னதெல்லாம் வலது கண்ணால்தான். நான் கட்டிய அத்தனையும் அந்த ஒரு கண் பார்த்துக் கட்டியது.

மெட்ராஸில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். செங்கல்பட்டு ஜங்ஷனில் ரயில் ஏறி, நானும் ஜைனப்பும் சலீமும் போனோம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ரயிலில் போனாலும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதானே. குளித்து, அத்தர் போட்டு, சுர்மா இட்டுக்கொண்டுதான் போனேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா. லேசர் (சிதறாமல் ஒரே கோடாகப் பாயும் கூர்மையான ஒளி) இயந்திரம் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியிருந்த சமயம். சின்னப் புற்றாக இருந்தால் அதை வைத்துச் சுட்டு எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா பஞ்சால் துடைத்துப் பார்த்தார், விளக்கு வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"பாய், கறுப்பு இமை ஓரம் முழுக்க ஓடியிருக்கு. முடி வேர் வரைக்கும் இருக்கு. இது லேசருக்கு அடங்காது. இமையோட எடுக்கணும். உள்ள போயிருந்தா கண்ணையே எடுக்க வேண்டி வரலாம். பெரிய டாக்டர் வரட்டும், வெளில உக்காருங்க."

வராந்தாவில் உட்கார்ந்தோம். சலீம் டீ வாங்கப் போனான். எதிர்ச் சுவர் வெள்ளை அடித்திருந்தது. அதைப் பார்த்ததும், மாசி மாதத்தில் உப்பு குவித்து வைத்திருப்பது ஞாபகம் வந்தது. இனி யாராவது வந்து 'பூத்திருக்கு பாய்' என்று சொன்னால்தான் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டரம்மா விட்ட மருந்துச் சொட்டின் எரிச்சல் அது. ஜைனப் வேறு மாதிரி சொல்வாள். எப்படியோ, நிறையவே வந்தது, வெகுநேரம் வந்தது. ஜைனப் முந்தானையால் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். பிறகு முந்தானையைப் பார்த்தாள்.

"ஏங்க, இன்னாங்க இது? கரியாட்டம் வருது!"

என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறகு எனக்குத் தெரிந்து முதல்முறையாக ஒரு பெரிய இடத்தில் குரல் எடுத்துக் கத்தினாள். "டாக்டரம்மா! இங்க வாங்க! கறுப்பு சுருங்கிடுச்சு!"

டாக்டரம்மா வந்தார். குனிந்து பார்த்தார். "பாய், கண்ணுல என்ன போடறீங்க?"

"சுர்மா."

"எத்தனை வருஷமா?"

"ஓதக் கத்துக்கிட்டதுலருந்து."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். புண்ணின் பள்ளத்திலும் முடி வேரிலும் சுர்மா ஊறிக் கிடந்திருக்கிறது. பஞ்சு துடைப்புக்குப் போகாதது, கண்ணீர் ஊறியதும் இளகிவிட்டது. நம் ஊர்த் தோலில் இந்தப் புற்றும் கறுப்பாகத்தான் வரும். எது புற்று, எது சுர்மா என்று எவருக்குத் தெரியும்? தவிர, கறுப்பு அந்த ஒளியைக் குடித்துவிடுமாம். சுர்மாவோடு சுட்டால், வேண்டாத இடம் வெந்துபோகும் என்றார்.

சுர்மாவை நிறுத்திவிட்டு, தினமும் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். அடுத்த முறை பார்த்தபோது புற்று ஒரு உளுந்து அளவுதான்.

லேசர் செய்யும்போது பயப்படுவீர்கள். எல்லாரும் பயப்படுவார்கள். முதலில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அதுதான் வலி. கண்முழியின் மேல் உலோகக் கிண்ணம் போல ஒன்றை வைத்து மூடுவார்கள், ஒளி உள்ளே போகாமல் இருக்க. பிறகு 'டிக், டிக்' என்று சத்தம். கோழிக்கு முடி பொசுக்குகிற வாசனை. அது நம் இமைதான் என்று புரியக் கொஞ்ச நேரமாகும். "அசையாதீங்க பாய்," என்றார் டாக்டரம்மா. "உப்பளத்துல நின்னவனுக்கு நிக்கறது சொல்லித் தரணுமா?" என்றேன். "நிக்கறது மட்டும் இல்ல, வாயையும் மூடணும்," என்றார்.

புண் ஆறும்வரை கறுப்புக் கண்ணாடி. உப்பளத்துப் பெண்கள் விட்டுவைப்பார்களா? "அண்ணாத்த, எந்தக் கொட்டாயில படம் ஓடுது?" என்றார்கள். மாமல்லபுரத்துக் கடையில் ஒருவன் என்னை வெளிநாட்டுப் பயணி என்று நினைத்து, கல் யானை விற்க வந்தான். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. நோயும் அந்தக் காலத்தில்தான் இருந்தது, ஜைனப்பும் அந்தக் காலத்தில்தான் இருந்தாள்.

புற்று திரும்பவில்லை. ஆனால் அந்த இடத்தில் இமை முடி முளைக்கவில்லை. கடல்காற்று கிளம்பினால் ஊருக்கெல்லாம் தெரிவதற்கு முன்னால் அந்த வழுக்கை இடத்துக்குத் தெரியும். கண்ணீர் வழியும். முன்பெல்லாம் எனக்கு நேரம் என்றால் வெயில். இப்போது நேரம் என்றால் நிழல். அது எங்கே விழும், எப்போது நகரும் என்று பார்த்தே நடக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் இடது கண்ணுக்கு மட்டும் சுர்மா. ஜைனப் இருந்தவரை அவள்தான் இட்டுவிடுவாள். இப்போது நானே, தடவிப் பார்த்து.

மறுவருஷம் பரிசோதனைக்குப் போனபோது அதே வராந்தாவில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். 'கண்ணில் மை, சுர்மா இட்டவர்கள் டாக்டரைப் பார்க்கும் முன் சொல்லவும்.' எழுத்துக் கூட்டிப் படித்தேன். நேராக டாக்டரம்மாவிடம் போனேன்.

"இது என்னால வந்த பலகை. என் பேரு எங்க?"

"நோயாளி பேரெல்லாம் போடக் கூடாது பாய்."

"நோயாளி பேரு வேணாம். கண்டுபிடிச்சவன் பேரு போடுங்க."

ஜைனப் பின்னாலிருந்து சொன்னாள்: "கண்டுபிடிச்சது நீங்களா, உங்க அழுகையா?"

ரெண்டும் என்னுடையதுதானே?

ஆகவே ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இதன் மூலம் சொல்வது: அந்தப் பலகை இன்னும் இருந்தால், எத்தனை பேர் கண் அதனால் தப்பித்ததோ எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதன் அடியில், சின்ன எழுத்திலாவது, 'உப்பளம் காசிம் கண்டது' என்று எழுதுங்கள். பக்கத்தில் 'ஜைனப் துடைத்தது' என்றும் எழுதுங்கள். பெயின்ட் என்னுடையது.