டிரெசர் பார்க்காத முட்டி

காய்ந்த ரப்பர் இலைகளை மிதித்து ஓடும்போது வரும் அந்த நொறுநொறு சத்தம்... நடுவில் ஒரு ரப்பர் கொட்டை உள்ளங்காலில் பட்டால் உயிர் போய்த் திரும்பும். லாபு பக்கம் எங்கள் எஸ்டேட்டில் அதுதான் நான் ஓடிப் பழகும் டிரெக். காலுக்குச் சப்பாத்து எல்லாம் கிடையாது.

பதினாலு வயதில், ஃபார்ம் டூ படிக்கும்போது எண்ணூறு மீட்டரில் என்னை முந்த டிஸ்ட்ரிக்டில் ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

எங்கள் ஸ்போர்ட்ஸ் சார் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஸ்டேட்ல ஜெயிச்சா கே.எல்.ல ஸ்போர்ட்ஸ் ஸ்கூலுக்கு எடுத்துக்குவாங்கம்மா. ஹாஸ்டல், படிப்பு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க."

அம்மா இதை லயத்து வீடுகளில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. கண் பட்டுவிடுமாம். ரப்பர் பால் வாளி தூக்குவது தன்னோடு போகட்டும், இவளாவது எஸ்டேட்டை விட்டு வெளியே போகட்டும் என்று ஒரு வெறி.

அந்தச் சமயத்தில்தான் வலது முட்டி வலிக்க ஆரம்பித்தது. ஓடும்போது பல்லைக் கடித்துக்கொள்ளலாம். ஓடி முடித்து, உட்கார்ந்து எழுந்தால்... அப்பப்பா. கக்கூஸில் குந்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

எஸ்டேட் கிளினிக்கில் டாக்டர் இல்லை. டிரெசர்தான் எல்லாம். ஊசி, மாத்திரை, கட்டு, லீவுக்கு எம்.சி. சீட்டு, எல்லாம் அவர் கையில். டாக்டர் எப்போதாவது காரில் வருவார். மானேஜர் பங்களாவில் தேத்தண்ணி குடித்துவிட்டு, வரிசையில் நிற்பவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார். சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போக அம்மா பால்வெட்டுக்கு லீவு கேட்க வேண்டும். அதற்கு வேலை வாங்கும் மண்டோர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆகவே டிரெசர்.

"என்னா புள்ளைக்கு?"

"முட்டி வலிக்குதாங்க ஐயா."

"எங்க, பாவாடைய கொஞ்சம் தூக்கிக் காட்டு, பாப்போம்."

அம்மா சட்டென்று என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வயசுக்கு வந்த புள்ளைங்க... வேணாம். நான் சொல்றேன், நீங்க மருந்து குடுங்க."

டிரெசரும் வற்புறுத்தவில்லை. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், அவருக்கு என்ன வந்தது.

"வளர்ற வயசு லா. ஓட ஓட சரியாப் போயிரும்."

ஒரு மஞ்சள் தைலம், கொஞ்சம் வெள்ளை மாத்திரை. முடிந்தது வைத்தியம்.

நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது... அதே வாரம் எஸ்டேட் விளையாட்டுப் போட்டியில் முட்டி தெரிய அரைக்கால் சிலுவாரோடு ஓடினேன். டிரெசர், மண்டோர், ஆபீஸ் கிராணி, எல்லாரும் நின்று பார்த்துக் கைதட்டினார்கள். அம்மாவும்தான். ஜெயிக்கும்போது ஊரே பார்க்கலாம். வலிக்கும்போது மட்டும் ஒருவர் கண்ணிலும் படக்கூடாதாம் அந்த முட்டி!

ஓட ஓடச் சரியாகும் என்றார்களே, நானும் ஓடினேன். காலையில் ஓடினேன், ஸ்கூல் விட்டு வந்து ஓடினேன். அம்மா தினமும் தைலம் தேய்த்து, பழைய சாரோங் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிடுவார்.

ஸ்டேட் போட்டியில் இரண்டாவது சுற்று. முட்டி மடங்கியது. விழுந்தேன். என்னைத் தாண்டிப் போன கால்கள்தான் ஞாபகம் இருக்கின்றன.

"பரவால்ல லா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார் சார். அடுத்த வருஷம் வேறு பெண்ணைக் கூட்டிப் போனார். அவள் ஜெயித்தாள், கே.எல். போனாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை... இல்லை, பொய் சொல்வானேன், ரொம்ப நாள் இருந்தது.

நான் ஃபார்ம் ஃபைவ் முடித்து ஃபேக்டரிக்குப் போனேன். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை.

இப்போது அந்த எஸ்டேட் வீடமைப்புத் தாமான் ஆகிவிட்டது. டிரெசர் இறந்துவிட்டார். நீலாயில் என் ஃப்ளாட்டுக்குக் கீழேயே கிளினிக், காரில் போனால் பத்து நிமிஷத்தில் பிசியோ. போனில் தட்டினால் அப்பாயின்மென்ட். எல்லாம் இருக்கிறது, நான்தான் படி ஏற முடியாமல் கைப்பிடியைத் தேடுகிறேன்.

போன வாரம் பிசியோவிடம் போனேன். நம் தமிழ்ப் பையன்தான். ஸ்கூல் காலத்து வலியையும் சொன்னேன். முட்டியை மடக்கி, நீட்டி, அழுத்திப் பார்த்தார்.

"அக்கா, ஸ்கூல் டைம்ல இது சின்ன பிரச்சினதான். கொஞ்ச நாள் ஓடாம இருந்து, தொடைக்கு எக்ஸர்சைஸ் செஞ்சிருந்தா சரியாப் போயிருக்கும். இப்ப தேஞ்சிருச்சு. அப்போ யாருமே சொல்லலையா?"

கொஞ்ச நாள்... அவ்வளவுதானாம்.

அம்மா காரில் காத்திருந்தார்.

"என்னா சொன்னாங்க?"

"வயசாயிருச்சாம்மா. வேற ஒண்ணும் இல்லியாம்."

அம்மா பெரிதாக மூச்சு விட்டார்.

"அதானே... எனக்கு இத்தன வருஷமா ஒரே பயம். அன்னிக்கு நான் காட்ட விடாததுனாலதான் இப்படி ஆயிருச்சோன்னு."

கோபம்தான் வந்தது. அம்மாவுக்கு சீட் பெல்ட்டை மாட்டிவிட்டுக் காரை எடுத்தேன்.