ஹௌசா படித்தால் சனத்துக்கு என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு மனதை ஆற்றிக்கொள்ளத்தான் போனேன். கொதித்துப்போய்த் திரும்பி வந்தேன்.

பூசை முடிந்து அன்னதான வரிசை. கையில் தட்டு. பின்னாலிருந்து தோளில் ஒரு சுரண்டல். நமக்குத் தெரிந்த ஒரு அக்காதான். பெயர்... பவளம் என்று வைத்துக்கொள்வோம்.

“பிள்ளை, கேள்விப்பட்டனீரே? எங்கட கடைக்காரக் குணத்தின்ர பெட்டை, அந்த … பாஷை படிக்கிறாளாம்!”

புள்ளி வைத்த இடத்தில் அவர் ஒரு சொல் சொன்னார். கறுப்பின மக்களை நம்மவர்கள் குறிப்பிடுகிற சொல். அதை நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கே தெரியும். மெட்ரோவில் அவர்கள் பக்கத்தில் நிற்கும்போதே, விளங்காது என்ற தைரியத்தில், வாய் கூசாமல் சொல்லுகிறோமே... அதே சொல்.

“அந்தப் பாஷைக்கு ஹௌசா என்று பெயர் இருக்கு, அக்கா” என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

“என்ன இழவோ! லா கூர்னெவிலை எங்கட கட்டிடத்திலை உவையள் ஆரோ இருக்கினமாம். படிக்கிறனெண்டு அங்கை ஏறிப் போறாள். என்ர கண்ணாலை கண்டனான். நாளைக்கு அவளை ஆர் கட்டுவினம்? தகப்பன்காரனிட்டைச் சொல்லிப்போட்டன்.”

சொல்லியாகிவிட்டது! தட்டில் சாம்பார் ஆறியது. நான் ஆறவில்லை. இதை எழுதும்போதும் ஆறவில்லை.

விஷயம் இதுதான். குணத்தின் மகள் சிந்துஜாவுக்கு இது லீசே உயர்பள்ளியில் கடைசி வருஷம். பல்கலைக்கழகத்தில் ஹௌசா படிக்க வேண்டும், படித்து அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. சேருவதற்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. எழுத்துப் பரீட்சைக்குப் புத்தகம் போதும். வாய்மொழிப் பரீட்சைக்கு? எதிரே உட்கார்ந்து கதைக்க ஒரு மனுஷர் வேண்டுமே! அப்படிக் கிடைத்தவர்தான் லா கூர்னெவில் இருக்கிற ஹலிமா. நைஜர் நாட்டுக்காரி, குணத்தின் கடையில் பல வருஷ வாடிக்கை. சிந்துஜா முதல் ஹௌசாச் சொல்லைப் படித்ததே அப்பாவின் கல்லாவில் நின்றபடிதான்.

இதே பிள்ளை கொரிய மொழி படிக்கிறேன் என்று சொல்லியிருந்தால்? “கெட்டிக்காரி!” என்று பிறந்தநாள் விழாவில் மைக் கொடுத்திருப்போம். ஜப்பான் மொழி என்றால் அப்பாவே ஃபேஸ்புக்கில் போட்டிருப்பார். கோடிக்கணக்கானவர்கள் பேசுகிற ஹௌசா மட்டும் எந்த விதத்தில் குறைந்து போயிற்று? சொல்லுங்கள். தோலின் நிறத்தைச் சொல்லாமல் ஒரு காரணம் சொல்லுங்கள், பார்ப்போம்.

மொழிபெயர்ப்பாளரின் அருமை நமக்குத் தெரியாதா? விசாரணை அறையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் தானே நாம்? நாம் நீளமாக அழுததை அந்த மனிதர் சுருக்கமாகச் சொல்லி முடித்தபோது, முழுவதையும் சொன்னாரா என்று தவித்தவர்கள் தானே?

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நேரே குணத்தின் கடைக்குப் போனேன். லா ஷப்பேலில் மெட்ரோவை விட்டு இறங்கினால் கூப்பிடு தூரம். வாசலில் வாழைக்காய், மரவள்ளி, பெரிய பெரிய ஆபிரிக்கக் கிழங்குகள். உள்ளே நமது மிளகாய்த்தூள்.

“பிள்ளையை மறிச்சுப் போட்டீராம்?”

“ஓம் அக்கா. இனி லா கூர்னெவுக்குப் போக வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்.”

“வெள்ளிக்கிழமை பரீட்சை, குணம்!”

“எனக்கு அவளிலை ஒரு கோவமும் இல்லை, அக்கா. சனம் என்ன கதைக்கும்?”

சனம்! இந்தச் சனம் என்கிற ஆள் யார்? எங்கே இருக்கிறார்? குணம் தனியாளாகக் கடை திறந்தபோது ஒரு பெட்டி இறக்கிக் கொடுத்தாரா? சிந்துஜாவின் பரீட்சையை அவரா எழுதப் போகிறார்?

நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்குள் ஒரு பெரிய மனுஷி வந்தார். நீல முக்காடு, கையில் தள்ளுவண்டிப் பை. குணத்தின் முகம் பளிச்சென்று மாறியதைப் பார்க்க வேண்டுமே!

“சன்னு, சன்னு!” என்றார் குணம். வணக்கம் சொல்கிறாராம். “தோயா?” கிழங்கு வேண்டுமா என்று கேட்கிறாராம். கடைக்காரக் குணத்துக்கு ஹௌசா இனிக்கிறது. அப்பாக் குணத்துக்குத்தான் கசக்கிறது.

வந்தவர்தான் ஹலிமா. கிழங்கைத் தொடவில்லை. முதலில் நலம் விசாரித்தார். ஹௌசாக்காரரின் வழக்கம் அது. வீடு எப்படி, வேலை எப்படி, பிள்ளைகள் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்களாம். வாய்மொழிப் பரீட்சையே இதில்தான் தொடங்கும் என்று சிந்துஜா முன்பு எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

“இனா கஜியா?” என்று கேட்டார் ஹலிமா. களைப்பு எப்படி இருக்கிறது?

“பா கஜியா” என்றார் குணம். களைப்பில்லை. யோசிக்காமல் பதில் வந்தது. அத்தனை வருஷப் பழக்கம்.

அடுத்து சிந்துஜாவைப் பற்றிப் பிரெஞ்சில் கேட்டார். ஏன் வரவில்லை? பரீட்சை கிட்ட வந்துவிட்டதே?

குணம் என்னைப் பார்க்காமல், “மலாட்” என்றார். சுகமில்லையாம்! ஹலிமாவின் முகம் விழுந்துபோயிற்று. கிழங்கும் வாங்காமல் போய்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! “குணம், இந்தத் தெருவிலை உம்மட களைப்பை விசாரிக்கிற ஒரேயொரு ஆள் அவதான். உம்மட சனம் எப்பவாவது கேட்டதோ?”

அடுக்கியிருந்த கிழங்கையே குணம் திரும்ப அடுக்கினார். அதற்கு மேல் பேசினால் கத்திவிடுவேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் நடந்ததைச் சிந்துஜாவே ஃபோனில் சொன்னாள். ஹலிமா துணியில் சுற்றிய ஒரு பாத்திரத்தோடு கடைக்கு வந்திருக்கிறார். உள்ளே சூடான இஞ்சிக் கஞ்சி. சுகமில்லாத பிள்ளைக்கு! அந்தப் பிள்ளையோ கல்லாவில் குத்துக்கல் மாதிரி நிற்கிறாள். குணத்துக்கு எப்படி இருந்திருக்கும்? ஹலிமா ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். “தேறிவிட்டாள், கடவுளுக்கு நன்றி” என்று சொல்லிப் பாத்திரத்தை வைத்தாராம். குணம்தான் வெட்கம் தாங்காமல் அவர் உட்கார ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டிருக்கிறார்.

“கடையிலை இருந்து படிக்கட்டும். அங்கை மட்டும் வேண்டாம்.”

அரை அனுமதி! பில் போட்டுக்கொண்டே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? புதன்கிழமை போய்ப் பார்த்தேன். ஒரு வாக்கியம் தொடங்குவாள், யாராவது பால்மா கேட்பார்கள். கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் வாக்கியம் போய்விட்டிருக்கும். பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. ஹலிமா அலுக்காமல் முதலிலிருந்து தொடங்குவார்.

அந்த நேரம் பார்த்து வந்தார் நமது பவளம் அக்கா. கறிவேப்பிலை வாங்க வந்தாராம். நம்பிவிட்டேன்.

ஸ்டூலில் இருந்தவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிந்துஜாவிடம், “உவவைக் கேள் பிள்ளை, ஊரிலை எவடமாம்?”

பழக்கதோஷம்! யாரைக் கண்டாலும் நம் வாயில் முதலில் வருகிற கேள்வி. ஊர் தெரிந்தால் சாதி தெரியும், சாதி தெரிந்தால் கதிரை போடுவதா வேண்டாமா என்று தெரியும். நைஜர் நாட்டு ஹலிமாவிடமுமா இந்தக் கேள்வி?

சிந்துஜா கேட்டாள், ஹௌசாவில். ஹலிமா பவளம் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். கொஞ்சம் நீளமான பதில். சிந்துஜா முழுவதையும் கேட்டாள். பிறகு நிமிர்ந்து நின்று தமிழில் சொன்னாள்.

“ஊரைப் பிறகு சொல்லுறாவாம், அன்ரி. இஞ்சை லா கூர்னெவிலை உங்களுக்கு நேர மேல் மாடிதானாம். உங்களை நல்லாத் தெரியுமாம். நீங்கள் குடிவந்த நாளிலையிருந்து, படியிலை காணேக்கை எல்லாம் போன்ஜூர் சொல்லுறவவாம். நீங்கள் ஒருநாளும் திருப்பிச் சொல்லேல்லையாம். காது கேக்காதாக்குமெண்டு உங்களுக்காகக் கடவுளிட்டைத் துஆ கேட்டவவாம்.”

குரலில் நக்கலும் இல்லை, நடுக்கமும் இல்லை. சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒரு சொல்லை விழுங்கவில்லை. அன்று என் விசாரணை அறையில் இப்படி ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா?

பவளம் அக்கா கறிவேப்பிலையைக் கல்லாவிலேயே விட்டுவிட்டுப் போனார்.

குணம் மகளின் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“நாளைக்கு அங்கை போயிருந்து படி. இஞ்சை சத்தம் கூட.”

வெள்ளிக்கிழமை பரீட்சை முடிந்தது. முடிவு இன்னும் வரவில்லை.

பவளம் அக்கா, நீங்கள் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் வாசிக்கிறவர் என்று தெரியும். என் மேல் கோபம் வந்தால் வரட்டும். ஆனால் நாளைக்குக் காலையில் படியில் ஹலிமா வருவார். அவர் வாய் திறக்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள்: சன்னு!