என் அழகான எழுத்துருவும் இரண்டு அண்டா பொங்கலும்

அமெரிக்காவில் மில்பிடாஸ் என்ற ஊரில் இருந்தபோது எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நான்தான் வெப் எக்ஸ்பர்ட். பட்டம் கொடுத்தவனும் நானேதான். "எல்லாரும் எந்தக் கம்ப்யூட்டர்லயும் தமிழ் தெரியற யூனிகோடுக்கு மாறிட்டாங்க, நாமளும் மாறிடலாமே" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "ஸ்டாண்டர்ட் எல்லாம் கத்துக்குட்டிகளுக்கு சார்" என்று சிரித்தேன். நான் பிடித்து வைத்திருந்த எழுத்துரு அவ்வளவு அழகு.

பொங்கல் விழாவுக்கு முந்தின நாள் மண்டபம் மாறியது. அந்தச் செய்தியை அதே எழுத்துருவில் சங்கத்தின் தளத்தில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். மறுநாள் புது மண்டபத்தில் நான், செயலாளர், சமையல் பொறுப்பிலிருந்த ஆன்ட்டி, இரண்டு அண்டா பொங்கல். வேறு ஈ காக்கா இல்லை.

செயலாளரின் செல்போன் அடித்தது. கூட்டம் முழுக்கப் பழைய மண்டபத்து வாசலில் நின்றது. என் எழுத்துரு என் கணினியில் மட்டும்தான் இருந்தது. மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தலையில் புள்ளி வைத்த ஆங்கில எழுத்துகள்.

"வைரஸ்னு நெனச்சு க்ளோஸ் பண்ணிட்டாங்களாம்" என்றார் செயலாளர்.

"எக்ஸ்பர்ட் தம்பி, பொங்கல் ஆறுது. அண்டாவத் தூக்குங்க" என்றார் ஆன்ட்டி.

தூக்கினேன். பழைய மண்டபத்து பார்க்கிங் லாட்டில் நானே பரிமாறினேன். கரண்டி என் கைக்கு ரொம்பப் பொருத்தம் என்று பலர் மனதாரப் பாராட்டினார்கள். என் வெப்சைட்டை அதுவரை ஒருவரும் அப்படிப் பாராட்டியதில்லை.