வயிற்றில் போட்ட மண் பத்து

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஜூன் மாதம். டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸில், ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளுக்குள் நடந்தது இது. இன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அன்றைக்கு என் உயிர் என்னிடத்தில் இல்லை.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் விழுந்த பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தெரியும். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்த புதிதில், டெல்லியின் உப்புத் தண்ணீரில் குளித்துக் குளித்து என் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா முல்தானி மட்டியைத் தயிரில் குழைத்துத் தலைக்குப் போடச் சொன்னார். போட்டேன். ரெண்டு மாசத்தில் கொட்டுவது நின்றது. அவ்வளவுதான், எனக்கு மண் பைத்தியம் பிடித்துவிட்டது. முகத்துக்குப் பன்னீரில் குழைத்த மண், வேர்க்குருவுக்கு மண், கொசு கடித்துத் தடித்தால் அதற்கும் மண். ஷாம்பு பாட்டில் எங்கள் வீட்டுப் படியேறிப் பதினைந்து வருஷம் இருக்கும். எங்கள் ஏரியா தமிழ்ப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ‘பரு’ என்று எழுதி முடிப்பதற்குள் நான் பதில் போட்டுவிடுவேன். முதுகுக்குப் பின்னால் என்னை ‘மண்ணாங்கட்டி அக்கா’ என்று சொல்வார்கள் என்பது தெரியும். அதிலும் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

முகத்துக்கும் முடிக்கும் முல்தானி மட்டி போதும். வயிற்றுச் சூட்டுக்குப் பத்து போடுவதென்றால் பானை வனைகிற களிமண்தான் நல்லது என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். அதற்கும் ஆள் பிடித்துவிட்டேன். மார்க்கெட் தாண்டி நடைபாதையில் பானை, கூஜா, தொட்டியெல்லாம் அடுக்கி வைத்து விற்கிற ஒரு ராஜஸ்தான்காரி. என் வயதுதான் இருக்கும். ஒரு சாக்கில் களிமண் கட்டியும் வைத்திருப்பாள். நாங்கள் இருவரும் எலியும் பூனையும்தான். மண்ணில் கல் இருக்கிறது என்று நான் சண்டை பிடிப்பேன். பானை வாங்காமல் மண்ணை மட்டும் வாங்கிப் போகிற ஒரே மதராசி நீதான் என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

அந்தச் சனிக்கிழமை காலை என் வீட்டுக்காரர் எழுந்திருக்கும்போதே முகம் சுண்டியிருந்தது. “வயிறு என்னமோ செய்யுதுட்டி” என்று தொப்புளைச் சுற்றித் தடவிக் காட்டினார். முந்தின நாள் ஆபீஸில் யாருக்கோ பிரமோஷன் என்று சோலே பட்டூரே, அதுதான் கொண்டைக்கடலையோடு தின்கிற பெரிய பூரி, வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். நாலு தின்றேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். பிறகென்ன, எனக்குக் காரணமும் கிடைத்துவிட்டது, மருந்தும் தயார். களிமண்ணைக் குழைத்து ஈரத்துண்டில் விரல் கனத்துக்குப் பரப்பி வயிற்றில் போட்டேன். அந்த வெயிலுக்கு அது சில்லென்று இருந்திருக்கும். கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.

மத்தியானம் வாந்தி எடுத்தார். பித்தம் வெளியே போகுது, நல்லதுதான் என்றேன். சாயங்காலம் வலி வலது பக்கம் கீழே இறங்கியது. காலை நீட்ட முடியாமல் மடக்கிக்கொண்டே படுத்திருந்தார். அப்போது அவர் மெதுவாகக் கேட்டார்: “ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருவோமா?”

நான் சிரித்தேன். “பூரி தின்ன வயித்துக்கு ஆஸ்பத்திரியா? போனா ஸ்கேன் எடு, அதை எடு, இதை எடும்பான். பேசாமப் படுங்க.”

மனுஷர் அதிர்ந்து பேசத் தெரியாதவர். பேசாமல் படுத்துக்கொண்டார். இதை எழுதும்போதுகூட என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ராத்திரி உடம்பு சுட்டது. நான் பத்தை மாற்றி மாற்றிப் போட்டேன். விடிந்து எட்டு மணி இருக்கும், “ஏட்டி, வலி நின்னுட்டு” என்றார். அப்படியே பட்டென்று நின்றுவிட்டதாம். ரசஞ்சோறு வேண்டும் என்றுகூடக் கேட்டார். மலை மந்திர் இருக்கிற திசையைப் பார்த்து முருகா என்று கும்பிட்டேன். அதோடு விட்டேனா? மண் கிண்ணத்தைப் போட்டோ எடுத்து, ‘ஒரு மாத்திரை இல்லை, ஒரு டாக்டர் இல்லை, மண் மட்டுமே’ என்று குழுவில் போட்டேன். கைதட்டல் படமாக வந்து குவிந்தது.

வீட்டில் களிமண் தீர்ந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு பத்து போட்டால் சுத்தமாகச் சரியாகிவிடும் என்று, அரிசியைக் குக்கரில் களைந்து வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அடுப்பை வந்து பற்ற வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தது யார் செய்த புண்ணியமோ.

பானைக்காரியிடம் அவள் கேட்காமலே கதையெல்லாம் சொன்னேன். எனக்குத் தெரிந்த இந்தியில், கையை ஆட்டி ஆட்டி, பெருமையாக. சாக்குக்குள் போன அவள் கை நின்றது. வலி எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டாள். வாந்தி எடுத்தாரா? காய்ச்சல் இருந்ததா? எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததா, ஒரேயடியாக நின்றதா என்று கேட்டாள். ஒரேயடியாக என்றேன்.

அவள் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். “மிட்டி நஹி தூங்கி.” மண் தரமாட்டாளாம்.

எனக்கு வந்ததே கோபம்! பழைய சண்டைக்கு இப்போது பழி தீர்க்கிறாள் என்று நினைத்துவிட்டேன். பானை வாங்கினால்தான் மண் கொடுப்பாயா என்று நடுரோட்டில் கத்தினேன். அவள் என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள். அவள் கொழுந்தனுக்கும் இதே மாதிரி வலது பக்கம் வலித்ததாம். இதே மாதிரி பட்டென்று நின்றதாம். பிழைத்துவிட்டான் என்று வீட்டில் அல்வா கிளறியிருக்கிறார்கள். ரெண்டாம் நாள் அவன் போய்விட்டான். “வலி போகல பெஹன்ஜி, உள்ள ஏதோ வெடிச்சிருக்கு. சாப்பிட எதுவும் கொடுத்துடாதே, ஓடு” என்றாள்.

அவர் நன்றாகத்தான் இருக்கிறார், சோறு கேட்டார் என்று ஏதோ உளறினேன். அவள் எதிரே இருந்த பழக்கடைக்காரரிடம் “பையா, பானையைப் பார்த்துக்கோ” என்று குரல் கொடுத்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை, உதடு வெளுத்திருந்தது. “வலி இல்லட்டி” என்று என்னைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தார். காய்ந்து வெடித்திருந்த மண்ணுக்குக் கீழே வயிற்றைத் தொட்டேன். பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு மாடிப்படி இறக்கினோம். ஆட்டோக்காரர் ஒருவர் வரமாட்டேன் என்றார். பானைக்காரி ஆட்டோவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று “ஜல்தி, ஜல்தி” என்று போட்ட சத்தத்தில் அவர் வாய் திறக்காமல் ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைத் துடைக்க வந்த மலையாள நர்ஸ், “ஐயோ சேச்சி, இது எந்தா, சிமெண்டா?” என்றாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் பார்த்தார். குடல்வால் வெடித்துவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார். இரண்டு நாளாக என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். “மண்ணு” என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. கேஸ் ஷீட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டேன்.

ஆபரேஷன் நடந்த இரண்டரை மணி நேரமும் பானைக்காரி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான்தான் அவரைக் கொன்றுவிட்டேன், ஆஸ்பத்திரி போகலாம் என்று வாய்விட்டுக் கேட்டவரைச் சிரித்து அடக்கிவிட்டேன் என்று தமிழிலும் இந்தியிலும் மாற்றி மாற்றிப் புலம்பினேன். தமிழ் ஒரு சொல் தெரியாதவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் எழுந்து போய் ஒரு டீ வாங்கி வந்து கையில் கொடுத்தாள்.

டாக்டர் வெளியே வந்து மாஸ்க்கை இறக்கினார். சுத்தம் செய்துவிட்டோம், பிழைத்துக்கொண்டார், சாயங்காலம் வரை விட்டிருந்தால் என்னால் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்றார். பானைக்காரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அப்பாடா! உடம்பிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. உடனே கொலைப்பசி எடுத்தது. வெட்கமில்லாமல் இரண்டு சமோசா தின்றேன்.

மயக்கம் தெளிந்து அவர் கண்ணைத் திறந்தார். “ஐயோ, வலிக்குட்டி” என்று முனகினார்.

“வலிக்கா? நல்லா வலிக்கா?” என்று நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். இவளையும் சேர்த்து அட்மிட் பண்ணலாமா என்பது போல நர்ஸ் பார்த்தாள்.

வீட்டுக்கு வர பன்னிரண்டு நாளாயிற்று. முதல் வேலையாகக் குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதினேன், ‘வயிற்று வலிக்கு என்னைக் கேட்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்’ என்று. அந்த நாலு வரி எழுத எனக்கு அரை நாள் ஆனது. பிறகு அவர் நன்றாக நடக்க ஆரம்பித்ததும் பானைக்காரியைப் பார்க்க இருவரும் போனோம். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் மாடு ஒன்று புகுந்து அவளுடைய பானைகள் சிலவற்றை உடைத்திருந்ததைப் பழக்கடைக்காரர்தான் சொன்னார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. என் வீட்டுக்காரரை நடுரோட்டில் நிறுத்திச் சட்டையைத் தூக்கச் சொல்லித் தையலைப் பார்த்தாள். அவர் கூச்சத்தில் நெளிந்தார். நல்ல ஒட்டுதான், ஒழுகாது என்றாள். இனிமேல் எனக்கு மண் தருவாயா என்று கேட்டேன். தலைக்கு என்றால் தருகிறேன், வயிற்றுக்கு என்று சொன்னால் பானையாலேயே போடுவேன் என்றாள்.

நான் மண்ணை விடவில்லை. இன்றைக்கும் முகத்துக்கும் முடிக்கும் அதுதான். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று அவர் இழுத்தால் போதும், காரணம் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொள்கிறேன். என் வைத்தியம் பலித்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் போட்டோ போட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம்தான் அவர் என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம் என்பது நினைவுக்கு வந்தால், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற அவரை இப்போதும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.