மாதம்மாளின் முட்டியும் மூன்று ஊசியும்

நோயாளியின் ரத்தத்தை எடுத்து மெஷினில் சுற்றி, தட்டணுக்கள் நிறைந்த மஞ்சள் பகுதியைப் பிரித்து, மூட்டிலோ மண்டையிலோ ஏற்றக் கொடுப்பது என் தொழில். லேபில் குப்பை கொட்டும் சக பாவிகளே, ஊசி போடுவது டாக்டர், பதில் சொல்வது நாம் என்பது உங்களுக்குத் தெரியாததா?

எதிர்க் குழாய்

மெஷினில் ஒரு பக்கம் ரத்தக் குழாய் வைத்தால் எதிர்ப்பக்கம் அதே எடையில் இன்னொன்று வைக்க வேண்டும். இல்லையென்றால் மெஷின் மேசையை விட்டு நடக்க ஆரம்பித்துவிடும். நான் தண்ணீர் நிரப்பி வைப்பேன். கல்யாணத்துக்குள் முன்மண்டையில் முடி வேண்டும் என்று பாலக்கோட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை அதை எட்டிப் பார்த்துவிட்டார். விளக்கினேன், காகிதத்தில் வரைந்தும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பால்காரன்தான் தண்ணி ஊத்துவான்னு நெனச்சேன். நீங்களுமாங்க?"

நிறுத்தாத மாத்திரை

மாதம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளிப் பெட்டி சுமப்பவர். இரண்டு முட்டியும் போய்விட்டது. பலகை ஏறி லாரியில் பெட்டி ஏற்ற முடியாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம். அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு கதி இல்லை.

ஊசிக்கு ஒரு வாரம் முன்பே வலி மாத்திரையை நிறுத்த வேண்டும். அது தட்டணுக்களை மந்தமாக்கிவிடும். நிறுத்திவிட்டேன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இவரும் சொன்னார். பையிலிருந்து ஆதார் அட்டையை உருவும்போது பாதி காலியான மாத்திரை அட்டையும் கூடவே விழுந்தது. நான் முறைத்தேன்.

"அதப் போடலன்னா எந்திரிக்கவே முடியலைங்க தம்பி. எந்திரிக்காம எப்பிடிங்க இங்க வர்றது?"

படத்தில் தெரிந்தது

அடுத்த வாரம் வரச் சொல்லலாம் என்றேன். டாக்டர் கேட்கவில்லை, அன்றே போட்டார். வலி குறையவில்லை. இரண்டாவது ஊசிக்கு வந்தபோது அவருடைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எலும்போடு எலும்பு ஒட்டிக் கிடந்தது. தேய்மானம் இவ்வளவு முற்றியபின் இந்த ஊசியை நம்பிப் பயனில்லை என்பது எங்களுக்கு டீ வாங்கி வருபவருக்கும் தெரியும். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் டாக்டரிடம் தனியாக, பணிவாகத்தான் கேட்டேன். அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"அவங்க ரத்தத்த அவங்களுக்கே போடறோம். கெடுதல் ஒண்ணும் ஆகாதுல்ல?"

மூன்றாவது ஊசி

இந்த முறை மாதம்மாள் கம்பு ஊன்றி வந்தார். மண்டியில் அவர் இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாளாம். இந்த ஊசியோடு நடை திரும்பிவிட்டால் மேஸ்திரியைப் போய்ப் பார்க்கலாம் என்று இருந்தார். வீணாகப் போட்டுக்கொள்ளாதீர்கள் அம்மா என்று சொல்ல வாய் வரை வந்தது. கதவு திறந்திருந்தது, உள்ளே டாக்டர். நரம்பு தேடும் சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஊசி பலிக்கவில்லை என்று சண்டை போடுவாரோ எனப் பயந்து நான் தடுமாறுவதாக நினைத்தாரோ என்னவோ, அவரே என்னைத் தேற்றினார்:

"உங்களையோ டாக்டரையோ குத்தஞ் சொல்ல மாட்டேன் தம்பி. எல்லாருக்கும் இந்த ஊசி கேக்குதாமே, என் ரத்தந்தாங்க சரியில்ல."

ரத்தத்தைப் பிரிக்க நான் இரண்டு வருடம் படிக்க வேண்டியிருந்தது, வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும் படிக்காமலே கைவந்துவிட்டது.